கையில் இருக்கும் காசுக்கு முதல் எலக்ட்ரிக் கிடார்

விலை குறைந்த எலக்ட்ரிக் கிடார் ஒன்று வாசிக்கவே வராமல் படுத்துகிறது என்றால், குற்றம் பெரும்பாலும் மரத்திலோ, கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பிலோ இருக்காது. நட்டில், அதாவது கழுத்துப்பகுதியான நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சின்னத் துண்டில், வெட்டிய பள்ளத்துக்கு ஆழம் போதாமல் இருக்கும். நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில் ஏதோ ஒன்று மயிரிழை தூக்கியிருக்கும். நெக் கொஞ்சம் வளைந்திருக்கும். பாடியை வெட்டுவதையும் நெக்கைக் கடைவதையும் இப்போது கணினி இயக்கும் எந்திரங்களே செய்துவிடுவதால், அந்த வேலையில் மலிவான கிடாருக்கும் விலை கூடிய கிடாருக்கும் இருந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஒருவர் உட்கார்ந்து அரம் போட்டுச் சரிபார்க்க வேண்டிய கடைசி ஒரு மணி நேர வேலையில்தான் தொழிற்சாலைகள் காசை மிச்சம் பிடிக்கின்றன. அந்தக் கடைசி வேலை எதில் ஒழுங்காக நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால், 15,000 ரூபாய்க்கே பல வருடம் கைவிடாத கிடார் கிடைக்கும்.

முதலில் காசைப் பிரித்து வையுங்கள்

உங்களிடம் 25,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிடாருக்கு 15,000 முதல் 16,000 வரை. ஆம்புக்கோ அதற்கு மாற்றான ஒன்றுக்கோ 5,000 முதல் 6,000. கேபிள், ஸ்ட்ராப், கிளிப் டியூனர் (ஸ்ருதி காட்டும் கருவி), நான்கைந்து பிக் (மீட்டும் வில்லை) எல்லாம் சேர்த்து 1,500. மாற்றுக்கு ஒரு கம்பி செட் 500 முதல் 600. மீதி 1,000 முதல் 1,500 செட்டப்புக்கு.

இந்தக் கடைசித் தொகையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். செட்டப் என்பது நெக்கின் வளைவு, கம்பியின் உயரம், நட்டின் பள்ளம், இன்டொனேஷன் (நெக் முழுவதும் ஸ்ருதி சரியாக வருவது) ஆகிய நான்கையும் சரிசெய்வது. செட்டப் செய்யாத 20,000 ரூபாய் கிடாரைவிட, செட்டப் செய்த 14,000 ரூபாய் கிடார் கைக்கு இதமாக இருக்கும். விரல் வலி தாங்காமல் இரண்டாம் மாதமே கிடாரை மூலையில் சாத்திவிடுகிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு செட்டப்தான்.

கிடார், ஆம்ப், பை, கேபிள் எல்லாம் ஒரே அட்டைப் பெட்டியில் அடங்கிய செட்டுகளும் விற்கின்றன. விலை கண்ணை இழுக்கும். ஆனால் அவற்றில் வரும் ஆம்ப் பெரும்பாலும் சின்ன ஸ்பீக்கரோடு இரைகிற பெட்டிதான். தனித்தனியாக வாங்குவதே நல்லது.

நிறத்துக்கு முன்னால் பிரிட்ஜைப் பாருங்கள்

கடைக்குள் நுழைந்ததும் கண் நிறத்துக்கும் பாடியின் வடிவத்துக்கும் போகும். போகட்டும். ஆனால் முடிவெடுக்க வேண்டியது, கம்பிகள் பாடியில் வந்து உட்காரும் பாகமான பிரிட்ஜைப் பார்த்து.

பாடியோடு அசையாமல் பொருத்திய பிரிட்ஜ்தான் புதியவருக்கு நல்லது. ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டர் வகையிலும் கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் வகையிலும் அப்படித்தான் இருக்கும். கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் இல்லை. ஸ்ருதி நிற்கும். கம்பி மாற்றுவது பத்து நிமிட வேலை.

ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் வகையில் பிரிட்ஜோடு, ஸ்ருதியை அசைக்கும் ஒரு கைப்பிடி (டிரெமெலோ) இருக்கும், பின்பக்க மூடிக்குள் ஸ்பிரிங்குகள் இருக்கும். மலிவான கிடாரில் இது ஸ்ருதியைக் கலைக்கும். கைப்பிடி உங்களுக்குத் தேவையில்லை என்றால் வழி சுலபம். பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு பெரிய ஸ்க்ரூக்களையும் சமமாக முறுக்கினால் பிரிட்ஜ் பாடியின் மேல் அழுந்தி உட்கார்ந்துவிடும். அதன் பிறகு ஏறக்குறைய அசையாத பிரிட்ஜ் மாதிரியே நடந்துகொள்ளும்.

மூன்றாவது, ஃபிளாய்ட் ரோஸ் வகைப் பூட்டு பிரிட்ஜ். இந்த விலையில் இதை வாங்கவே வேண்டாம். கம்பிகளின் இழுப்புக்கும் ஸ்பிரிங்கின் இழுப்புக்கும் நடுவே இரண்டு கத்தி முனைகளில் அது தராசுபோல் நிற்கிறது. ஒரு கம்பியின் ஸ்ருதியை மாற்றினால் மற்ற ஐந்தும் நகரும். மலிவான உலோகத்தில் செய்த கத்தி முனை சீக்கிரம் மழுங்கும். மழுங்கினால் கைப்பிடியை விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பாது.

அடுத்தது பிக்கப். சிங்கிள் காயில் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது. சத்தம் பளிச்சென்று இருக்கும். ஆனால் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஓட்டத்தையும் அது பிடித்துக்கொள்ளும். டியூப் லைட், ஃபேன் ரெகுலேட்டர், போன் சார்ஜர் பக்கத்தில் போனால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும். கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் இந்தத் தொல்லைக்குத் தீர்வு. எதிரெதிர்த் திசையில் வேலை செய்யும் இரண்டு காயில்கள், எதிரெதிர்க் காந்த முனைகள். இரைச்சல் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி கூடிக்கொள்ளும். எந்த மாதிரி இசை வாசிக்கப் போகிறோம் என்று இன்னும் முடிவாகாதவர்கள் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடங்களில் சிங்கிள் காயிலும் உள்ள கிடாரை எடுங்கள். கடைகளில் இதை எச்-எஸ்-எஸ் என்பார்கள்.

கம்பியின் நீளத்தையும் கவனியுங்கள். ஃபெண்டர் வகையில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 648 மி.மீ., கிப்சன் வகையில் சுமார் 628 மி.மீ. நீளம் குறைந்தால் அதே கம்பி கொஞ்சம் தளர்வாக இருக்கும், ஃப்ரெட்டுகளும் நெருங்கி வரும். சின்னக் கைகளுக்கு 610 மி.மீ. நீளமுள்ள மஸ்டாங் வகை பொருந்தும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஐபனேஸ் மைக்ரோ போன்ற 564 மி.மீ. கிடார்கள் இருக்கின்றன.

பாடி மரத்தைப் பற்றி இந்த விலையில் கவலைப்பட வேண்டாம். பாப்லரோ பாஸ்வுட்டோ எதுவானாலும் சரி. நெக்கின் மேல் விரல் பதியும் பலகையான ஃபிங்கர்போர்டின் மரத்தைப் பற்றி மட்டும் ஒரு செய்தி. அதற்கு வழக்கமாகப் பயன்பட்ட ஈட்டி மரத்தின் பேரினம் முழுவதும் 2017-ல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வர 2019 கடைசி ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பல நிறுவனங்கள் வேறு மரத்துக்கு மாறின. விவரப் பட்டியலில் 'இந்தியன் லாரல்' என்று இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். அது நம் காடுகளில் வளரும் கருமருது. கெட்டியான மரம், ஃப்ரெட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

எந்த மாடல்களைத் தேடலாம்

யமஹா பசிஃபிகா 012, காசு கொஞ்சம் கூடினால் 112. இரண்டுமே எச்-எஸ்-எஸ். 112வி-யில் டோன் குமிழை இழுத்தால் ஹம்பக்கர் சிங்கிள் காயிலாக மாறும். பசிஃபிகாவின் வேலைப்பாடு ஒன்றுக்கொன்று பெரிதாக மாறுவதில்லை. பார்க்காமல் வாங்க வேண்டிய நிலை வந்தால் இதைத்தான் சொல்வோம்.

ஃபெண்டரின் குறைந்த விலைப் பெயர் ஸ்குவையர். அதில் அடிமட்டத்தில் இருந்த புல்லட் வரிசைக்குப் பதிலாக 2023-ல் சோனிக் வந்தது. சோனிக்கில் எச்-டி (HT) என்று பெயரில் வரும் ஸ்ட்ராடோகாஸ்டருக்கு அசையாத பிரிட்ஜ். டெலிகாஸ்டரும் உண்டு, 610 மி.மீ. மஸ்டாங்கும் உண்டு. கிப்சனின் குறைந்த விலைப் பெயர் எபிஃபோன். கனமான சத்தம் வேண்டுமென்றால் அதன் லெஸ் பால் வகையில் விலை குறைந்ததைப் பாருங்கள். கொரிய நிறுவனமான கோர்ட் தன் பெயரிலும் செய்கிறது, வேறு பல பெயர்களுக்கும் செய்து கொடுக்கிறது. அதன் ஜி, எக்ஸ் வரிசைகள் கொடுக்கிற காசுக்கு நேர்மையானவை. ஐபனேஸின் ஜியோ வரிசையில் டிரெமெலோ இல்லாதது கிடைத்தால் எடுங்கள்.

இடது கைக்காரர்களுக்கு இந்த விலையில் இரண்டு மூன்று மாடல்கள் கிடைத்தாலே அதிகம். ஆகவே மாடலைத் தேடி அலையாமல் கிடைப்பதை நன்றாகச் சோதித்து வாங்குங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

நான்கு பொருள்கள் கொண்டுபோங்கள்: டியூனர் ஆப் உள்ள போன், ஒரு விசிட்டிங் கார்டு, ஒரு ஏடிஎம் கார்டு, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே மாடலில் இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு கிடார்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

முதல் வேலை ஸ்ருதி சேர்ப்பது. தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ. கம்பி தளர்ந்த கிடாரில் நெக் வேறு மாதிரி நிற்கும், எந்தச் சோதனையும் செல்லாது. ஸ்ருதி கூட்டும்போது 'டிக்' என்று சத்தம் கேட்டு முள் திடீரென்று தாண்டினால், கம்பி நட் பள்ளத்தில் சிக்குகிறது என்று பொருள். வீட்டுக்கு வந்து பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்தாலே பெரும்பாலும் சரியாகும்.

இரண்டாவது நெக். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், நெக் பாடியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் இன்னொரு கையாலும் அழுத்துங்கள். இப்போது கம்பியே அளவுகோல். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி? விசிட்டிங் கார்டு ஒட்டி நுழைகிற அளவு, அதாவது 0.25 முதல் 0.3 மி.மீ. இருந்தால் நல்லது. இடைவெளியே இல்லாவிட்டாலும் அரை மில்லிமீட்டரைத் தாண்டினாலும் நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஆனால் மெல்லிய கம்பியிலும் இதையே செய்து பார்க்கையில் இரண்டு பக்கமும் வெகுவாக வேறுபட்டால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். அதற்கு மலிவான வைத்தியம் கிடையாது.

மூன்றாவது, கம்பி உயரம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் ஸ்கேலை நிறுத்தி ஃப்ரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை அளந்து பாருங்கள். தடித்த கம்பிக்கு 2 மி.மீ., மெல்லியதற்கு 1.5 மி.மீ. வந்தால் வசதி. 3 மி.மீ. இருந்தாலும் பயப்பட வேண்டாம், பிரிட்ஜில் இறக்கலாம். ஆனால் இறக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சாடில்கள் ஏற்கெனவே அதன் அடித்தட்டைத் தொட்டுக்கொண்டிருந்து, உயரமும் 3 மி.மீ. என்றால், நெக் பொருத்திய கோணமே தவறு.

நான்காவது நட். இதில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பியையும் மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கு உள்ள இடைவெளியைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மயிரிழை தெரிய வேண்டும். விரலால் தட்டினால் மெல்லிய 'டிங்' கேட்க வேண்டும். இடைவெளி பளிச்சென்று தெரிந்தால் பள்ளம் போதவில்லை. டியூனரும் இதைக் காட்டிக்கொடுக்கும். வெறும் கம்பி சரியான ஸ்ருதியில் நிற்கும், முதல் ஃப்ரெட்டை அழுத்தினால் 10 சென்ட் (ஒரு ஃப்ரெட் ஏற்றத்தில் பத்தில் ஒரு பங்கு) அல்லது அதற்கு மேல் ஏறி நிற்கும். கற்கத் தொடங்குகிறவர்களை, முதல் ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் எஃப் கார்டு என்ற சுரக்கூட்டு அழவைப்பதற்கு இதுதான் பெரிய காரணம். விரலில் பலமில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். உயரமான நட்டில் முதல் ஃப்ரெட்டை அழுத்த அனுபவசாலிக்கே சிரமம். பள்ளத்தை அரம் போட்டு ஆழப்படுத்தலாம், ஆகவே இதற்காகக் கிடாரை ஒதுக்க வேண்டாம், செட்டப் காசில் அடங்கிவிடும். நேர்மாறாகப் பள்ளம் அதிக ஆழமாகி, வெறும் கம்பி மட்டும் 'ஜிர்' என்று இரைந்தால் நட்டையே மாற்ற வேண்டிவரும்.

ஐந்தாவது ஃப்ரெட்டுகள். முதலில் உள்ளங்கையை நெக்கின் இரண்டு ஓரங்களிலும் மெல்ல ஓட்டுங்கள். ரம்பப் பல்போல் குத்தினால், மரம் காய்ந்து சுருங்கி ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நாள் முழுக்க ஏசி ஓடும் கடைகளில் தொங்கும் கிடார்களில் இது சகஜம். ஓரம் மட்டும் தேய்த்தால் போதும்.

பிறகு ஏடிஎம் கார்டை எடுங்கள். கம்பிகளுக்கு நடுவே அதன் விளிம்பை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் படும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். நட் பக்கம் நீளமான விளிம்பு, பன்னிரண்டாம் ஃப்ரெட் பக்கம் குட்டையான விளிம்பு. கார்டு அசையாமல் நின்றால் மூன்றும் சமம். சீசாப் பலகைபோல் 'டக் டக்' என்று ஆடினால் நடுவில் உள்ள ஃப்ரெட் தூக்கியிருக்கிறது. இப்படியே மேலே போங்கள். ஒரு ஃப்ரெட் தூக்கியிருந்தால் தட்டி உட்காரவைக்கலாம். மூன்று நான்கு இடத்தில் ஆடினால் அந்தக் கிடாரை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஃப்ரெட் சமன்படுத்தும் கூலி கிடார் விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

கடைசியாக எல்லா சுரத்தையும் வாசியுங்கள். ஆறு கம்பி, 21 அல்லது 22 ஃப்ரெட். ஐந்து நிமிடம் ஆகும், கூச்சப்படாதீர்கள். இரைச்சல் வரும் இடமே நோயைச் சொல்லும். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் இரைந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் உயரம். முதல் நான்கைந்து ஃப்ரெட்டுகளில் மட்டும் என்றால் நெக் தேவைக்கு மேல் நிமிர்ந்திருக்கிறது. மெல்லிய கம்பியைப் பன்னிரண்டாவதுக்கு மேல் அழுத்தி, ஒரு முழு சுரம் ஏறும்வரை பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நடுவழியில் சத்தம் செத்தால், கம்பி மேலே உள்ள ஏதோ ஒரு ஃப்ரெட்டில் முட்டுகிறது.

நெக்கின் ஓரத்திலிருந்து முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. ஒரு கம்பி ஓரத்தில் வழுக்கி விழும் நிலையில் இருந்தால் நெக் கோணலாக மாட்டப்பட்டிருக்கிறது. ஸ்க்ரூவில் மாட்டிய நெக் என்றால் சரிசெய்ய முடியும், ஆனால் கடைக்காரரே செய்து தரட்டும்.

ஆம்பில் மாட்டிப் பார்ப்பது

எஃபெக்ட் எல்லாம் அணைத்து, சுத்தமான சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் எல்லாக் குறையையும் மூடிவிடும். பிக்கப் சுவிட்சின் ஒவ்வொரு நிலையிலும் கம்பியை மீட்டுங்கள். எந்த நிலையிலும் சத்தம் போகக்கூடாது. குமிழ்களைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை திருப்புங்கள். 'கரகர' என்றால் உள்ளே தூசி, காண்டாக்ட் கிளீனர் அடித்தால் போகும். பிளக்கை லேசாக ஆட்டுங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால் ஜாக் தளர்ந்திருக்கிறது.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது பழுதல்ல, எர்த் வயர் பிரிட்ஜுக்கு ஒழுங்காக வந்திருப்பதன் அடையாளம். கம்பியைத் தொட்டுக் குறையாமல், பிளக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைந்தால் பிரிட்ஜுக்குப் போகும் வயர் அறுந்திருக்கிறது. ஒரு சால்டரிங் வேலைதான்.

ஆன்லைனிலோ பழையதாகவோ வாங்கினால்

ஆன்லைனில் திருப்பி அனுப்பும் நாள் கணக்கைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். மேலே சொன்ன சோதனை முழுவதையும் அந்த நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் நல்ல சரக்கு நிறையக் கிடைக்கும். ஆர்வத்தில் வாங்கிச் சில மாதத்தில் விட்டவர்கள் விற்பவை அவை. அதில் கூடுதலாக மூன்றைப் பாருங்கள்: டிரஸ் ராடின் ஆலன் கீ துளை வழுக்காமல் பிடிக்கிறதா, தலைப்பகுதிக்குக் கீழே மெல்லிய விரிசலோ ஒட்டிய தடமோ இருக்கிறதா, சாடில் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றனவா. கிப்சன் என்று பெயர் போட்ட கிடார் எபிஃபோன் விலைக்கு வந்தால் அது போலி. பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

எதில் மாட்டி வாசிப்பது

கிடாரை ஹோம் தியேட்டரிலோ மைக் துளையிலோ நேராகச் செருகினால் சத்தம் மங்கி, உயிரில்லாமல் கேட்கும். அந்தத் துளைகள் கிடாரின் சிக்னலுக்கு ஏற்றவை அல்ல. டிஸ்டார்ஷன் போட்டால் இன்னும் மோசம், குளவி பறப்பதுபோல் இருக்கும். கிடார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைத் தானாகவே வெட்டிவிடுகிறது. சாதாரண ஸ்பீக்கர் வெட்டாது.

வீட்டுக்கு 10 முதல் 20 வாட் ஆம்ப் தாராளம். ஹெட்போன் துளை இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் பொறுமை நீடிக்க அது அவசியம். லேப்டாப் இருக்கிறவர்கள் ஆம்புக்குப் பதில், கிடார் சத்தத்தை லேப்டாப்புக்குள் அனுப்பும், கிடார் துளை உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கிக்கொண்டு, நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். ஒரே காசில் பல ஆம்புகளின் சத்தம் கிடைக்கும். ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் கூடாது. மீட்டியதற்கும் காதில் விழுவதற்கும் இடையில் தாமதம் வரும், தாளமே பழகாது. கேபிள் 3 மீட்டர், இரண்டு முனையும் 6.35 மி.மீ. மோனோ.

ஆம்பை எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டில்தான் மாட்ட வேண்டும். எர்த் பின்னை விட்டுவிட்டு அடாப்டரில் மாட்டுவது உயிரோடு விளையாடுவது, ஏனென்றால் கிடாரின் கம்பிகள் ஆம்பின் உடம்போடு இணைந்தவை. கம்பியைத் தொட்டால் 'சுருக்' என்றாலோ, டெஸ்டரை வைத்தால் எரிந்தாலோ, அந்த சாக்கெட்டை எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை கிடாரைத் தொடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கடையில் பல மாதம் தொங்கிய கம்பிகளைக் கழற்றிவிட்டு 9-லிருந்து 42 வரை தடிமன் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) உள்ள செட்டைப் போட்டுச் செட்டப்புக்குக் கொடுங்கள். புதுக் கம்பி முதல் இரண்டு நாள் ஸ்ருதி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்துவிட்டு மறுபடி ஸ்ருதி கூட்டுவதை நான்கைந்து முறை செய்தால் நின்றுவிடும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள். பைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

இன்டொனேஷனை நீங்களே பார்க்கலாம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் கம்பியை விரலால் லேசாகத் தொட்டு எழுப்பும் மணி ஒலியையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் நெக்கை நோக்கி முன்னால் கொண்டுவாருங்கள்.

நெக் மரம். பருவம் மாறினால் அதுவும் அசையும். ஐப்பசி மழையிலும் சித்திரை வெயிலிலும் அந்த விசிட்டிங் கார்டு சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். இடைவெளி கூடியிருந்தால் டிரஸ் ராடை வலப்பக்கம், குறைந்திருந்தால் இடப்பக்கம், ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும். திருப்பியதும் ஸ்ருதி சேர்த்து ஓர் இரவு விட்டுவிடுங்கள், மறுநாள் அளந்து பார்த்த பிறகே அடுத்த கால் சுற்று. சாவி இறுகி நின்றுவிட்டால் பலம் கொடுத்துத் திருப்பாமல் செட்டப் செய்தவரிடமே எடுத்துப் போங்கள்.